பதினாலு வூட்டுப் புளிக்காசு

சித்தேரி மலையிலேயே பெரிய வருமானக்காரி சின்னபொண்ணுதான் என்று தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் காலமெல்லாம் சோறு வடித்து, இரண்டு முழங்காலையும் அந்த அடுப்படியிலேயே தேய்த்துவிட்டு, பென்ஷனோடு வீட்டுக்கு வந்தவள் அவள். சாமை விதைக்க ஒரு துண்டு நிலம், கறவை மாடு ஒன்று, ஓட்டு வீடு, நெஞ்சு நோவுக்காரப் புருஷன். அவள் சொத்தெல்லாம் அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

"உங்க இன்சூரன்ஸ் கார்டை நிறுத்தி வெச்சிருக்குதுங்கம்மா" என்றார் பென்ஷன் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர். "ரிட்டையர் ஆனவங்களுக்கு பிரீமியம் எல்லாருக்கும் ஒண்ணு இல்லீங்க. வருமானம் கூடினா பிரீமியமும் கூடும். முந்தின வருசத்துக்கு முந்தின வருசம் உங்க பான் நம்பர்ல என்ன வந்துச்சோ, அதை வெச்சு இப்ப கணக்குப் போடுறாங்க. உங்களை மேல் வரிசையில தூக்கி வெச்சிருக்குது. கூடுதல் பிரீமியம் பாக்கியைக் கட்டினாத்தான் கார்டு தொறக்கும்."

"என் பென்சனே உங்க கிட்ட இருந்துதானே சாமி வருது? அதுக்கு மேல எனக்கு என்ன வருமானம்?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பொம்மிடி புளி மண்டி என்று எழுதியிருந்தது. அதற்கு நேரே இருந்த தொகையைப் பார்த்ததும் சின்னபொண்ணுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அது ஊர்க் காசு. பதினாலு வீட்டுப் புளிக்காசு.

ஊரில் புளி உலுக்குவது தனித்தனி, விற்பது ஒன்றாக. பண்டத்தை ஒரே வண்டியில் ஏற்றிப் பொம்மிடிக்கு அனுப்பினால்தான் நாலு காசு கூடக் கிடைக்கும். முன்பெல்லாம் மண்டிக்காரர் கலைவாணன் ரொக்கமாகவே எண்ணிக் கொடுத்துவிடுவார். சில வருஷங்களாக, "ரொக்கம் கேக்காதீங்க, பான் கார்டு இருக்கிற ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, பேங்குல போட்டுடறேன்" என்கிறார். ஊரில் பான் கார்டு இருந்தது சின்னபொண்ணுவிடம் மட்டும்தான். பென்ஷனுக்காக எடுத்தது. அவள் கையில் காசு இருந்தால் காளி கையில் இருந்த மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அந்தப் பேச்சில் மயங்கித்தான் போனாள். சமையல்காரியை யார் இப்படித் தலையில் வைத்து ஆடியிருக்கிறார்கள்? வருஷா வருஷம் காசு அவள் கணக்கில் விழும். எடுத்து வந்து ஒரு ரூபாய் குறையாமல் பங்கு வைத்துவிடுவாள். தன் பெயரில் அது வருமானமாக ஏறிக்கொண்டே போவது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"இது என் காசு இல்லீங்க."

"சரிங்கம்மா. அப்ப யார் காசோ அவங்க வந்து சொல்லணும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாங்க ஆர்.ஐ. மேடம், வெள்ளிக்கிழமை உங்க ஊருக்கு வந்து விசாரிப்பாங்க. 'எங்க காசுதான்'னு அவங்க சொல்லிட்டா அன்னிக்கே ரிப்போர்ட் போயிடும், மறுநாள் கார்டு தொறந்துடும். இல்லேன்னா கட்டித்தான் ஆவணும்."

திங்கட்கிழமை புருஷன் திருமாலைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இதயத்து வால்வு சுருங்கிப் போயிருந்தது. பத்து அடி நடந்தால் உதடு நீலம் பாரிக்கிறது. இந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதுவரை இவர் தாங்குவாரா என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பாக்கியைக் கட்டுவதென்றால் மாட்டை விற்று, காதுத் தோட்டை விற்று, அப்புறமும் பென்ஷனில் பல மாதத்தை விழுங்கக் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் திங்கட்கிழமை காத்திருக்காது.

இதில் இன்னொரு வம்பும் இருந்தது. இந்த வருஷத்துப் புளிக்காசும் அவள் கணக்கில் வந்து விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை அமாவாசை, பங்கு வைக்கும் நாள். அரூர் பேங்க்கில் எடுத்து மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியபோது, அந்தப் பை அவள் மடியில் சும்மா இருக்கவில்லை. இதில் ஒரு கட்டை உருவினால் போதும், அந்த மனுஷன் பிழைத்துக்கொள்வார். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் மலை ஏறி முடிகிறவரை அந்த நினைப்பு இறங்கவில்லை.

வீடு வீடாகப் போனாள்.

முதலில் செல்லன் வீடு. திருமாலுக்கு அண்ணன், ஊரில் பெரிய தலை. மச்சு வீடு, டிராக்டர், மலையிலேயே நிறையப் புளிய மரம் அவருக்குத்தான்.

"நீ சொல்றது ஞாயந்தான் புள்ள" என்றார் செல்லன். "ஆனா என் காசுன்னு நான் சொன்னா என் வருமானம் கூடிப் போவும். எங்கிட்ட இருக்கிறது இலவச இன்சூரன்சு அட்டை. வருமானம் கூடினா அதைப் புடுங்கிக்குவானுங்க. போன வருசம் உங்கக்காளுக்கு கர்ப்பப்பை ஆப்பரேசன் அதுலதான் ஆச்சு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா?"

"நாளைக்கு உங்களுக்கு வர்றது இருக்கட்டுங்க மாமா. உங்க தம்பிக்கு இன்னிக்கு வந்துடுச்சே."

"கோவப்படாத. ஏதாவது செய்யலாம்."

அந்த 'ஏதாவது' ஊர் முழுக்க இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், திருமாலின் நெஞ்சுக்காகக் கண் கலங்கினார்கள். பேச்சு மேடத்தின் பக்கம் திரும்பியதும் ஒருத்தருக்கு மாடு கட்டும் வேலை வந்தது, ஒருத்தருக்குப் போன் வந்தது. சந்துரு என்கிற வாலிபன் மட்டும் நேராகவே பேசினான். "அத்த, எங்களைக் கேட்டுட்டா உங்க நம்பரைக் குடுத்தீங்க? நீங்களாத்தானே தலையைக் குடுத்தீங்க?" என்றான். அவன் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றியது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதால் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கலைச்செல்வி வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. புருஷனைப் பறிகொடுத்த சின்ன வயசுக்காரி. இரண்டே மரம். அவள் மகனுக்கு வலிப்பு நோய். மாசா மாசம் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அந்த இலவச அட்டைதான் அந்தப் பிள்ளைக்கு உயிர். அவளிடம் போய் எந்த வாயால் கேட்பது?

வீட்டுக்கு வந்தபோது திருமால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும்.

"என்ன சொன்னாங்க?"

"வர்றேன்னுதான் சொல்லியிருக்காங்க."

நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியவருக்குப் பொய் தெரியாதா? மூச்சை இழுத்து இழுத்து, "செல்லண்ணன் வருவாரு" என்றார். அந்த நம்பிக்கையைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் ஆர்.ஐ. சசிகலா வந்து இறங்கினாள். பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். இளநீர் வந்தது. ஊரே வந்து நின்றது. சசிகலா அலட்டல் இல்லாத ஆள். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"பொம்மிடி மண்டியிலிருந்து இவங்க கணக்குக்கு வந்த காசுல உங்க பங்கு இருக்குதுங்களா?"

செல்லன் முதலில் வந்தார். சின்னபொண்ணு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மேடத்தின் மேஜையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நாங்க புளியை வூட்டுச் செலவுக்குத்தான் வெச்சுக்குவோம்."

டிராக்டர் நிறையப் புளி ஏற்றிய மனுஷன்! வீட்டுச் செலவுக்காம்! பெரியவரே வழி காட்டிவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? சந்துரு இல்லை என்றான். அடுத்தவர் இல்லை என்றார். அவள் கையால் பங்கு வாங்கிய அத்தனை கைகளும் இப்போது வேட்டி மடிப்பிலும் முந்தானையிலும் ஒளிந்துகொண்டிருந்தன. கலைச்செல்வி கடைசியில் வந்தாள். இடுப்பில் பையன். கேள்வியைக் கேட்டதும் வாய் கோணியது. "இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், சின்னபொண்ணுவைத் தாண்டும்போது நிமிரவே இல்லை.

சசிகலா பேனாவை மூடினாள். "அம்மா, இவங்க யாருமே ஒத்துக்கலை. நான் என்ன எழுதறது? வருமானம் உங்களோடதுதான்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"பஸ் எப்பங்க மேடம்?"

"அஞ்சு மணிக்கு."

"பஸ் வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. வந்து போடறேன்."

வீட்டுக்குப் போனாள். திருமால் கண்ணால் கேட்டார். "உங்கண்ணன் வந்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மஞ்சள் பையையும் சாமி மாடத்தில் இருந்த கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஊருக்கு நல்லவளாக இருந்தது போதும்.

காளி கோவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில்தான். கோவில் என்றால் கட்டடம் இல்லை; வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லும், முன்னால் ஒரு பலகைக் கல்லும். பங்கு வைப்பது அங்கேதான். சீட்டுக் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. அவரவர் கற்பூரத்தை அவரவர் கொண்டுவந்து கல்லில் வைத்து ஏற்ற வேண்டும். அது எரியும்போதே, "என் பண்டம், என் காசு, என் கைக்கு வந்துச்சு" என்று காளி கேட்கச் சொல்லிப் பங்கை வாங்க வேண்டும். சொல்லாதவனுக்குப் பங்கு இல்லை. பொய்யாகச் சொன்னவன் வீட்டில் விளக்கு நிலைக்காது என்று அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பையைப் பிரித்துவிட்டால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் வாங்காத பங்கு காளிக்குப் போய்விடும்; அதை அப்புறம் யாரும் தொட முடியாது.

பஸ்ஸுக்குக் காத்து சசிகலா எதிரே புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். சின்னபொண்ணு கல்லின் முன்னால் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். பதினாலு கட்டையும் வரிசையாக வைத்தாள். தன் கற்பூரத்தை ஏற்றி, தன் பங்கை எடுத்து, மேடத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"என் பண்டம், என் காசு, என் கைக்கு வந்துச்சு." பிறகு நிமிர்ந்தாள். "மிச்சமெல்லாம் யாரோடதோ வாங்க. வந்து வாங்கிக்கங்க."

பங்கு நாள் என்பதால் எல்லோர் மடியிலும் கற்பூரம் இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

"அத்த, மேடம் போவட்டுமே" என்று சந்துரு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"ஏன்? காளி முன்னால வாங்குற காசுக்கு மேடம் இருந்தா என்ன, கலெக்டர் இருந்தா என்ன?"

"வம்பு பண்ணாத புள்ள" என்றார் செல்லன். "பையைக் கட்டு."

"பிரிச்ச பையைக் கட்டற வழக்கம் எந்த ஊருல இருக்குதுங்க மாமா? உங்களுது இல்லேன்னு இப்பத்தானே சொன்னீங்க? யாருக்கும் இல்லாத காசு காளிக்குத்தான். இல்லேன்னா சொல்லுங்க, பொழுதுக்குள்ள வாங்குங்க."

அவளைப் பேச வைத்தது பயம் இல்லை. இத்தனை வருஷம் தலைக்கு மேல் தூக்கி வைத்தவர்கள் ஒரே மத்தியானத்தில் கீழே போட்டுவிட்டார்களே என்கிற வயிற்றெரிச்சல். சசிகலா எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எங்கேயோ கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சின்னபொண்ணுவின் கற்பூரம் எரிந்து கரைந்து, கல்லில் ஒரு கறுப்புப் பொட்டாக நின்றது.

கூட்டம் விலகியது. வந்தது செல்லன் இல்லை. கலைச்செல்வி.

பையனை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கல்லின் முன்னால் மண்டியிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கற்பூரத்தை வைத்தாள். நீ வேண்டாம் என்று சின்னபொண்ணு கண்ணால் சொன்னாள். தலையை ஆட்டினாள். கலைச்செல்வி பார்க்கவில்லை. தீக்குச்சி உரசியது, கற்பூரம் பற்றிக்கொண்டது.

"செல்வி, எந்திரிச்சுப் போ" என்றாள் சின்னபொண்ணு மெதுவாக.

"அங்க பொய் சொல்லிட்டேன் அத்த. இங்கயும் சொல்லச் சொல்றீங்களா?" கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினாள். "என் பண்டம், என்..."

சின்னபொண்ணு உள்ளங்கையை விரித்து எரிகிற கற்பூரத்தின் மேல் அப்படியே வைத்து அழுத்தினாள்.

கூட்டம் ஹோவென்று கத்தியது. காளியின் முன்னால் எரிகிற கற்பூரத்தை அணைத்ததை அந்த மலையில் யாரும் கண்டதில்லை. தோல் கருகுகிற வாசனை வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கற்பூரம் முழுக்க அணைகிற வரைக்கும் வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"இந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலீங்க மேடம்" என்றாள் மூச்சு வாங்க. "புள்ளைக்காக வேண்டிக்கிட்டு ஏத்துச்சு. நீங்க அந்தப் பேப்பரைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடறேன். எல்லாமே என் காசுதான். நான்தான் பெரிய பணக்காரி."

பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, என்ன நடக்கிறது என்று அவரும் எட்டிப் பார்த்தார். சசிகலா பேப்பரோடு சாலையைக் கடந்து வந்தாள். சின்னபொண்ணுவின் வலது கை பேனாவைப் பிடிக்கிற நிலையில் இல்லை. இடது கையை நீட்டினாள்.

"இரு" என்றார் செல்லன்.

அவர் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்த கற்பூரம் வேர்வையில் நனைந்திருந்தது. மூன்று குச்சி உரசியும் பற்றவில்லை. நாலாவதில் பற்றியது. யார் முகத்தையும் பார்க்காமல், சண்டைக்குப் போகிறவர் மாதிரிக் கத்தினார்.

"என் பண்டம்! என் காசு! என் கைக்கு வந்துச்சு! எழுதிக்கங்க மேடம். செல்லன், மூக்கன் மகன். அங்க சொன்னது பொய்யி." தன் கட்டைப் பிடுங்கி மடியில் சொருகினார். "அட்டை போனாப் போவுது. இந்தச் சின்னப் புள்ளைக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லாமப் போச்சே. திருமாலு என் தம்பி, என் கூடப் பொறந்தவன்." வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். சந்தோஷமாக ஒன்றும் வரவில்லை. முனகிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, சின்னபொண்ணுவை முறைத்துக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. அடுத்த வருஷம் உன் பெயரில் ஒரு கொட்டைப் புளிகூடப் போடமாட்டோம் என்றார்கள். "போடாதீங்க, கும்புடறேன்" என்றாள் அவள். சந்துரு கடைசிக்கு முன்னால் வந்து, கடுகடுவென்று சொல்லிவிட்டு, போகும்போது தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனான். சசிகலா நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் எழுதியதை ஒவ்வொரு பெயராக அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

கல்லில் ஒரு சின்னக் கட்டு மட்டும் மிச்சம் இருந்தது. கலைச்செல்வி பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

"இதைத் தவிர எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்றாள் சசிகலா. "நாளைக்குக் கார்டு தொறந்துடும். திங்கட்கிழமை தாராளமாச் சேர்க்கலாம்." பேனாவால் அந்தக் கட்டைக் காட்டினாள். "இது யாரோடது?"

வாரம் முழுக்கச் சின்னபொண்ணு எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள், என் காசு இல்லை, என் காசு இல்லை என்று. இப்போது காளி பார்த்துக்கொண்டிருக்க, கொப்புளம் கண்ட கையால் அந்தக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னோடதுங்க" என்றாள்.

சசிகலா அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அப்படியே எழுதிக்கொண்டாள்.